ஒரு டாலருக்கு வாங்கிய வில்லங்கம்

நிலம் வாங்கப் போகிறவருக்கு நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் புத்தி ஒன்றுதான்: தாய்ப்பத்திரத்தைக் கேள், வில்லங்கம் போட்டுப் பார், அப்புறம் அட்வான்ஸ் கொடு. அமெரிக்கர்கள் அணுவைப் பிளந்தார்கள், நிலவில் கொடி நட்டார்கள். ஆனால் இந்தச் சின்னப் புத்தியைச் சொல்லிக்கொடுக்க அங்கே ஒரு சித்தப்பா இல்லாமல் போய்விட்டார். அதற்கான பில் இன்றுவரை வந்துகொண்டிருக்கிறது. யார் கட்டுவது என்பதில்தான் தகராறு.

நியூயார்க் மாநிலத்தில், அருவிக்குப் பெயர்போன நயாகரா ஃபால்ஸ் நகரில், ஒரு மைல் நீளம்கூட இல்லாத ஒரு பள்ளம் கை மாறிய கதை இது. பள்ளம் இருந்த இடத்திலேயே இருந்தது. உள்ளே கிடந்ததும் நெடுங்காலம் அசையாமல்தான் கிடந்தது. பில் மட்டும் ஊர் சுற்றியது.

தாய்ப்பத்திரம்

1890களின் தொடக்கத்தில் வில்லியம் டி. லவ் என்றொருவர் நயாகராவுக்கு வந்து இறங்கினார். கையில் காசு குறைவு, வாயில் திட்டம் அதிகம். நயாகரா ஆறு அருவிக்கு மேலே உயரத்தில் ஓடுகிறது, கீழே பள்ளத்தில் ஓடுகிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு கால்வாய் வெட்டி மேலாற்றுத் தண்ணீரைக் கீழாற்றில் கொட்டினால் மின்சாரம். மின்சாரம் வந்தால் தொழிற்சாலை வரும். தொழிற்சாலை வந்தால் ஜனம் வரும். ஜனம் வந்தால் மனை விற்கும். கட்டப்போகும் ஊருக்கு ‘மாடல் சிட்டி’ என்று பெயரும் சூட்டியாகிவிட்டது. நாலு கம்பு நட்டு, கலர் கொடி கட்டி, ‘பத்தே நிமிடத்தில் விமான நிலையம்’ என்று பொட்டல் காட்டை விற்கும் நம் ஊர் பிரமோட்டர்களுக்கு அவர் பாட்டன் முறை. பேண்டு வாத்தியம், துண்டறிக்கை, கூட்டம் சேர்க்கப் பாட்டு, ஒன்றுக்கும் குறைவைக்கவில்லை. மாநிலச் சட்டமன்றம்கூட மயங்கி, வேண்டிய நிலத்தையும் தண்ணீரையும் எடுத்துக்கொள்ளும் அதிகாரத்தைத் தூக்கிக் கொடுத்தது.

1894இல் வெட்ட ஆரம்பித்தார்கள். ஆனால் 1893லேயே நாட்டில் பெரிய நிதி நெருக்கடி வந்து, முதலீடு செய்வதாகச் சொன்னவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டிருந்தார்கள். போதாக்குறைக்கு மாறுமின்னோட்டம் என்ற புது வித்தை வந்து சேர்ந்தது. 1896 நவம்பரில் நயாகராவின் மின்சாரம் கம்பி வழியாகப் பஃபலோ நகரத்துக்கே போய்விட்டது. மின்சாரம் வீடு தேடி வருமென்றால், அருவி பக்கத்தில் எவன் மனை வாங்குவான்? லவ்வின் கனவில் மிஞ்சியது ஒரு பள்ளம். கோடையில் பையன்கள் குதித்து நீந்தினார்கள். குளிரில் உறைந்ததும் சறுக்கி விளையாடினார்கள். அந்தப் பள்ளத்தின் வரலாற்றிலேயே உருப்படியான காலம் அதுதான்.

மாடல் சிட்டி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அந்தப் பெயரில் ஒரு சிற்றூர் இன்றும் அந்த வட்டாரத்தில் உண்டு. அபாயகரமான ரசாயனக் கழிவுகளைப் புதைக்கும் பெரிய கிடங்கு ஒன்று பல ஆண்டுகள் அந்த முகவரியில்தான் நடந்தது. மனிதர் மாடல் என்று சொன்னது எதற்கு என்பது கடைசியில்தான் விளங்கியது.

இரண்டாம் கிரயம்

நயாகராவின் மலிவு மின்சாரத்தை நம்பி வந்த கம்பெனிகளில் ஒன்று ஹூக்கர். அதன் அடிப்படைத் தொழில் உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சிக் குளோரினும் காஸ்டிக் சோடாவும் எடுப்பது. உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்தாக வேண்டும் என்று நாம் சொல்வோமே, இந்தக் கம்பெனி நிஜமாகவே உப்பைத் தின்று வளர்ந்தது. பக்கத்தில் உலகின் பெரிய அருவிகளில் ஒன்று வேறு. தண்ணீர் குடிக்க வேண்டிய முறை வந்தபோதுதான் தாகமில்லை என்று சொல்லிவிட்டது.

குளோரினை வைத்துப் பூச்சிமருந்து தொடங்கி எத்தனையோ செய்யலாம். ஒவ்வொன்றும் பின்னால் கொஞ்சம் கசடு விட்டுப்போகும். கசடைக் கொட்ட இடம் வேண்டும். லவ்வின் பள்ளம் கண்ணில் பட்டது. 1942 முதல் பத்தாண்டுக்கு மேல், உலோக டிரம்களில் அடைத்தும் அடைக்காமலும், சுமார் 21,000 டன் கழிவை உள்ளே இறக்கி, மேலே களிமண் போட்டு மூடினார்கள். லிண்டேன், குளோரோபென்சீன் என்று நீளும் பட்டியலில் டையாக்சின் கலந்த கசடும் உண்டு. அன்றைக்கு இதெல்லாம் சட்டப்படி குற்றமில்லை. களிமண் தண்ணீரை விடாது, ஆகவே இது ஒழுங்காகச் செய்த வேலை என்றுகூடக் கம்பெனிக்காரர்கள் பின்னாளில் வாதாடினார்கள். களிமண்ணை யாரும் தோண்டாதவரைக்கும் அந்த வாதம் சரிதான்.

பள்ளிக்கூடம் என்னும் மகா புத்திசாலி

போர் முடிந்து, ஊரெல்லாம் குழந்தைகள் பிறந்து, நயாகரா ஃபால்ஸ் பள்ளி வாரியத்துக்கு இடம் போதாமல் போயிற்று. காலி மனை தேடிய வாரியத்தின் கண்ணில், ரசாயனம் நிரப்பி மூடிய அந்த நிலம் பட்டது. ‘நாங்களாக விற்கவில்லை, கொடுக்காவிட்டால் அரசாங்கப் பலத்தில் கையகப்படுத்துவோம் என்று மிரட்டினார்கள்’ என்பது ஹூக்கர் தரப்பு. எப்படியோ 1953 ஏப்ரல் 28இல் பத்திரம் பதிவாயிற்று. விலை ஒரு டாலர்.

தானமாய் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பது பழமொழி. இந்த மாட்டைப் பொறுத்தவரை பார்க்கவே தேவையில்லை. கொடுத்தவரே வாயைத் திறந்து காட்டி, கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். இந்த இடத்தில் ரசாயனக் கழிவு நிரப்பப்பட்டிருக்கிறது என்பது வாங்குபவருக்குத் தெரியும், இதனால் யாருக்காவது காயமோ மரணமோ சொத்து நஷ்டமோ வந்தால் விற்றவர் பொறுப்பல்ல என்று பத்திரத்தில் ஒரு பத்தி. உலகத்தில் ஒரு டாலருக்கு விற்ற சரக்குகளிலேயே இவ்வளவு விரிவான உத்தரவாத மறுப்போடு விற்றது இதுவாகத்தான் இருக்கும். வாரியம் படித்ததா, படித்தும் புரியவில்லையா, புரிந்தும் விலையைப் பார்த்து வாயடைத்துப் போனதா என்பது சரித்திர ஆசிரியர்களின் பாடு.

கட்டட வேலை ஆரம்பித்ததும் தோண்டிய இடத்தில் டிரம்கள் எட்டிப் பார்த்தன. கழிவு கிடக்கிறது, அஸ்திவாரம் தாங்குமா தெரியவில்லை என்று கட்டடக் கலைஞர் எழுதினார். கல்வித் துறையில் பழுத்த அனுபவமுள்ளவர்கள் அல்லவா, உடனே முடிவெடுத்தார்கள்: பள்ளிக்கூடத்தைச் சில பத்து அடி தள்ளிக் கட்டுவோம். தள்ளிக் கட்டினார்கள். 99ஆம் தெருப் பள்ளி திறந்தது, நூற்றுக்கணக்கான பிள்ளைகள் வந்தார்கள். விளையாடக் கிடைத்த கற்களில் சில, தரையில் ஓங்கி அடித்தால் பொறி பறக்க வெடித்தன. பிள்ளைகளுக்குக் குஷி.

1957இல் வாரியம் மிச்ச நிலத்தை வீட்டு மனைக்கு விற்கலாமா என்று யோசித்தபோது ஒரு விசித்திரம் நடந்தது. ஹூக்கரின் வக்கீல் கூட்டத்துக்கே வந்து, வேண்டாம், கீழே விஷம் கிடக்கிறது, தோண்டாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். பள்ளத்தில் கொட்டியவனே வந்து பள்ளத்தில் விழாதே என்று கத்துகிறான். நிலத்தைக் கையில் வைத்திருக்கும் அரசாங்க அமைப்பு காதில் பஞ்சை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. இந்தக் கதையில் யார் வில்லன் என்று ஒரே வரியில் சொல்லிவிடத் துடிப்பவர்களுக்கு இந்தக் காட்சி பெரிய இடைஞ்சல்.

பள்ளத்தின் இரு கரையிலும், 97, 99ஆம் தெருக்களில் வரிசையாக வீடுகள் எழுந்தன. நகராட்சி தன் பங்குக்குச் சாக்கடைக் குழாய் பதிக்கிறேன் என்று களிமண் சுவரை வெட்டித் திறந்தது. மேலே இருந்த மண்ணையும் ஆளாளுக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். பிறகு ஒரு விரைவுச் சாலை வந்து, நிலத்தடி நீர் ஆற்றுக்கு வடியும் வழியையும் அடைத்தது. வீடு வாங்கியவர்களிடம் யாரும் வில்லங்கம் சொல்லவில்லை. ஒரு டாலர் பத்திரத்தில் இருந்த அந்தப் பத்தி, முப்பதாண்டுக் கடன் வாங்கி வீடு கட்டியவர்களின் பத்திரத்துக்கு வந்து சேரவே இல்லை.

இரண்டு அதிகாரிகளும் ஒரு தட்டு பிஸ்கட்டும்

1970களின் நடுவில் மழையும் பனியும் கொட்டித் தீர்த்தன. பள்ளம் கிண்ணம் மாதிரி நிரம்பி வழிந்தது. நிலவறைச் சுவர்களில் கறுப்பாகக் கசிந்தது, தோட்டத்தில் செடி கருகியது, அழுகிப்போன டிரம்கள் மண்ணுக்கு மேலே வந்தன. ‘நயாகரா கெசட்’ பத்திரிகையின் நிருபர்கள் தோண்டித் துருவி எழுதினார்கள். கருச்சிதைவும் பிறவிக் கோளாறும் அந்தத் தெருக்களில் அதிகம் என்ற பேச்சு எழுந்தது. கால்வாயை ஒட்டிய வீடுகளில் கருச்சிதைவு அதிகம் என்பதை மாநிலச் சுகாதாரத் துறையே ஒப்புக்கொண்டது. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. சிரிப்பெல்லாம் அதற்கு அரசாங்கம் செய்த வைத்தியத்தில்தான்.

1978 ஆகஸ்ட் 2ஆம் தேதி மாநிலச் சுகாதார ஆணையர் அவசரநிலை அறிவித்தார். கர்ப்பிணிகளும் இரண்டு வயதுக்குக் கீழான குழந்தைகளும் வெளியேறலாம் என்றது அறிவிப்பு. இரண்டரை வயதுக் குழந்தையை வைத்திருந்த தாய், விஷத்துக்குப் பிறந்தநாள் கணக்குத் தெரியுமா என்று கேட்கத்தானே செய்வாள்? ஐந்து நாள் கழித்து ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் தேசிய அவசரநிலை அறிவித்தார். புயலும் வெள்ளமும் நிலநடுக்கமும் இல்லாமல், மனிதன் கைப்படச் செய்த ஒன்றுக்கு அப்படி அறிவித்தது அந்த நாட்டில் அதுவே முதல் முறை. பள்ளத்தை ஒட்டியிருந்த 239 குடும்பங்களின் வீடுகளை மாநில அரசு வாங்கிக்கொண்டது. ஒரு டாலர் நிலத்துக்குப் பொதுப்பணம் பாய ஆரம்பித்தது அங்கேதான்.

வேலி போட்டார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் விஷம், இந்தப் பக்கம் ஒன்றுமில்லை என்றார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் இருந்தவர்களில் ஒருவர் லோயிஸ் கிப்ஸ். இருபத்தேழு வயது, மகன் அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். வீடு வீடாகக் கதவைத் தட்டி, யார் வீட்டில் என்ன நோய் என்று எழுதி, வரைபடத்தில் குறித்துப் பார்த்தார். பழைய ஓடைகள் போன வழியிலேயே நோயும் போவதாகத் தெரிந்தது. அதிகாரிகள் அதை வீட்டுப் பெண்கள் போட்ட கணக்கு என்று ஒதுக்கினார்கள். அடுப்படியில் இருப்பவளுக்கு வாடை தெரியாது என்று நினைத்த முதல் அதிகாரிகளும் அவர்களல்ல, கடைசி அதிகாரிகளும் அவர்களல்ல.

1980 மே மாதம் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, பரிசோதித்த 36 பேரில் 11 பேருக்குக் குரோமோசோம் பாதிப்பு இருப்பதாக ஒரு பூர்வாங்க ஆய்வை வெளியிட்டது. ஆய்வைக் குறைசொல்ல மற்ற விஞ்ஞானிகள் வரிசையில் நின்றார்கள். ஆனால் அந்த வீடுகளில் படுத்துறங்குகிறவர்களுக்குப் பூர்வாங்கம் என்ன, உத்தராங்கம் என்ன? மே 19ஆம் தேதி விளக்கம் சொல்ல வந்த முகமையின் இரண்டு அதிகாரிகளைக் குடியிருப்போர் சங்க அலுவலகத்துக்குள் உட்காரவைத்து, வெளியே கூட்டம் சூழ்ந்துகொண்டது. உங்கள் பாதுகாப்புக்காகத்தான் உள்ளே இருக்கச் சொல்கிறோம் என்றது சங்கம். போலீஸ்காரர்கள் கைது செய்யும்போது சொல்லும் அதே வசனம். கைதிகளுக்கு வீட்டில் சுட்ட ஓட்ஸ் பிஸ்கட் உபசாரம் நடந்தது.

கார்ட்டரின் ஜாதகத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகக்காரர்கள் ஆறு மாதத்துக்கு மேலாகப் பிணைக்கைதிகள். மீட்கப் போன படை ஏப்ரலில்தான் பாலைவனத்தில் விபத்தில் சிக்கித் திரும்பியிருந்தது. இப்போது சொந்த நாட்டில், அம்மாக்கள் கையில் இரண்டு பேர். தேர்தல் ஆண்டு வேறு. சுமார் ஐந்து மணி நேரத்தில் அதிகாரிகளை விட்டுவிட்டு, புதன்கிழமை மதியத்துக்குள் பதில் வேண்டும், இல்லாவிட்டால் இன்று நடந்தது குழந்தைகள் விளையாட்டு என்று ஆகிவிடும் என வெள்ளை மாளிகைக்குக் கெடு வைத்தார் கிப்ஸ். புதன்கிழமை இரண்டாவது அவசரநிலை அறிவிப்பு வந்தது. எழுநூற்றுச் சொச்சம் குடும்பங்களுக்கு வெளியேறும் உரிமை. தெஹ்ரான்காரர்கள் பிஸ்கட் கொடுத்திருந்தால் அவர்கள் காரியமும் சீக்கிரம் முடிந்திருக்கும்.

உண்டியல் பிறந்தது

நவம்பரில் கார்ட்டர் தோற்றார். பெட்டி கட்டும் நேரத்தில், 1980 டிசம்பர் 11ஆம் தேதி ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். முழுப்பெயரை மூச்சுவிடாமல் சொல்ல முடியாது என்பதால் எல்லோரும் அதை சூப்பர்ஃபண்ட் என்றார்கள். அதன் சாரம் நம் பழமொழிதான்: உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும். கொட்டியவனைக் கண்டுபிடித்தால் அவன் செலவில் சுத்தம். ஆள் செத்துப்போய்விட்டான், கம்பெனி திவாலாகிவிட்டது, யாரென்றே தெரியவில்லை என்றால் உண்டியலிலிருந்து செலவு. ஐந்தாண்டுக்கு 160 கோடி டாலர். அதில் பெரும்பங்கு கச்சா எண்ணெய்க்கும் ரசாயன மூலப்பொருள்களுக்கும் போட்ட வரியிலிருந்து வரும். மிச்சம் கஜானா தரும். நோயாளிகளுக்கு நேரடியாக நஷ்டஈடு என்ற பகுதியைப் பேரத்தில் வெட்டிவிட்டார்கள். சட்டத்தின் தலைப்பிலிருந்து அந்தச் சொல்லை எடுக்க மறந்துவிட்டார்கள்.

சட்டத்துக்குப் பல்லும் இருந்தது. அன்றைக்கு அது குற்றமில்லை என்ற சமாதானம் செல்லாது. நாலு பேர் சேர்ந்து கொட்டிய இடத்தில் மூன்று பேர் ஓடிவிட்டால், அகப்பட்டவனிடமே மொத்தத்தையும் வசூலிக்கலாம். இன்றைக்கு நிலத்தை வைத்திருப்பவனும் மாட்டலாம்.

எந்த இடத்தை முதலில் சுத்தம் செய்வது? மதிப்பெண் போட்டார்கள். நூற்றுக்கு 28.5 வாங்கினால் தேசியப் பட்டியலில் இடம். நம் ஊரில் 35 வாங்கினால்தானே பாஸ், இதென்ன 28.5 என்றால், அதற்கு விஞ்ஞானக் காரணம் எதுவுமில்லை. குறைந்தது 400 இடமாவது பட்டியலில் வேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சொல்லியிருந்தது. நானூறு பேர் தேறுகிற மாதிரி கோடு கிழித்தால் 28.5 வந்தது. 1983இல் வெளியான முதல் பட்டியலில் 406 இடங்கள். நம் லவ் கால்வாயும் அதில் ஒன்று.

உண்டியலுக்குக் காவலாக அடுத்த ஜனாதிபதி ரொனால்ட் ரீகன் நியமித்தவர்களின் பெருமையைச் சொல்லாமல் விட்டால் பாவம். முகமையின் தலைவர் ஆன் கோர்சச், சூப்பர்ஃபண்ட் கோப்புகளைக் காங்கிரஸுக்குத் தர மறுத்து, 1982 டிசம்பரில் அவமதிப்புத் தீர்மானம் வாங்கினார். மார்ச்சில் பதவி விலகினார். உண்டியலுக்கே நேரடிப் பொறுப்பான ரீட்டா லாவெல், கழிவு கொட்டிய வழக்கொன்றில் சம்பந்தப்பட்டிருந்த கம்பெனியில் முன்பு வேலை பார்த்தவர். பழைய முதலாளி இதில் இருக்கிறார் என்பது எப்போது தெரியும் என்ற கேள்விக்குப் பொய் சொன்னதாக நிரூபணமாகி, ஆறு மாதச் சிறைத் தண்டனை பெற்றார். விஷத்தைக் கொட்டி அந்தக் காலத்தில் சிறைக்குப் போனவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். அதை அள்ளுகிற இலாகாவின் தலைவி போய்விட்டு வந்தார்.

மண்வெட்டிக்கு முன் வக்கீல்

அரசு பெரிய கம்பெனிமேல் வழக்குப் போட்டது. பெரிய கம்பெனி சின்னக் கம்பெனிகளை இழுத்தது. சின்னக் கம்பெனிகள் ஊராட்சியையும், குப்பை அனுப்பிய கடைகளையும் உணவகங்களையும் இழுத்தன. எல்லோரும் சேர்ந்து இன்சூரன்ஸ் கம்பெனிகளைப் பிடித்துக்கொண்டார்கள். 1992இல் ரேண்ட் ஆய்வு நிறுவனம் கணக்குப் பார்த்தது. 1980களின் கடைசியில் இன்சூரன்ஸ் கம்பெனிகள் இதற்காகச் செலவழித்த பணத்தில் 88 சதவீதம் வழக்குக்கும் வாதத்துக்கும் போயிருந்தது. விஷத்தின் பேரால் வெளியே வந்த நூறு டாலரில் விஷத்துக்குப் போனது பன்னிரண்டு.

லவ் கால்வாய் வழக்கும் இப்படியே இழுத்தது. ஹூக்கரை 1968லேயே விழுங்கியிருந்த ஆக்சிடென்டல் கம்பெனி, 1994இல் மாநிலத்துக்கு 9.8 கோடி டாலரும், 1995இல் மத்திய அரசுக்கு 12.9 கோடி டாலரும் தர ஒப்புக்கொண்டது. ராணுவமும் அந்தப் பள்ளத்தில் கொட்டியது என்று கம்பெனி சொல்லியிருந்ததால், அந்தச் சமரசத்தில் அரசாங்கமும் 80 லட்சம் டாலர் கொடுத்தது. வழக்குப் போட்டதும் அரசு, பங்கு கட்டியதும் அரசு.

நகரத்து நிலங்களுக்குத்தான் பெரிய அடி. மூடிப்போன ஆலை, பழைய பெட்ரோல் பங்க், சாயப்பட்டறை எல்லாம் ஊர் நடுவே, தண்ணீரும் சாலையும் ரயிலும் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு கிடந்தன. முந்நூறு வருடக் கழிவுக்கும் நீதான் பொறுப்பு என்று சட்டம் சொன்னால் எவன் வாங்குவான்? 1990இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம், ஆலைக்குக் கடன் கொடுத்த நிதி நிறுவனமும் பொறுப்பாகலாம் என்று சொன்னதும் வங்கிக்காரர்கள் அந்தத் தெருப் பக்கமே தலைவைத்துப் படுப்பதை விட்டார்கள். முதலீடு ஊருக்கு வெளியே சோளக்காட்டைத் தேடிப் போயிற்று. அழுக்கைச் சுத்தம் செய்யப் போட்ட சட்டம், அழுக்கை அப்படியே வேலி போட்டுப் பாதுகாக்க ஆரம்பித்தது.

இதற்கு முறிவாக 1993இல் முகமை ஒரு சோதனை நடத்தியது. ஒருகாலத்தில் தீப்பிடித்து எரிந்த ஆறு என்று புகழ்பெற்ற கையஹோகா ஓடும் கிளீவ்லாந்தில், 2 லட்சம் டாலர் மானியம். மண்ணில் என்ன இருக்கிறது என்று அரசு செலவில் பார்த்துச் சொல்லிவிட்டால், வாங்குபவர் பயமில்லாமல் வருவார் என்பது யோசனை. நம் பெரியவர்கள் சொன்ன வில்லங்கச் சான்றிதழ், நாற்பதாண்டு தாமதமாக, அரசாங்கச் செலவில் வந்து சேர்ந்தது. இந்த ரக நிலங்களுக்குப் பிரௌன்ஃபீல்டு என்று பெயர். நாடு முழுவதும் நாலரை லட்சத்துக்கு மேல் இருக்கும் என்பது முகமையின் மதிப்பீடு. 2002 ஜனவரியில் ஜனாதிபதி ஜார்ஜ் புஷ் இதற்கென்றே ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். விசாரித்து நேர்மையாக வாங்கியவருக்குப் பாதுகாப்பு, ஊர்களுக்கும் மாநிலங்களுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 25 கோடி டாலர் வரை மானியம். அனுமதித்த தொகை முழுவதும் ஆண்டுதோறும் கைக்கு வந்துவிடவில்லை. பட்ஜெட் புத்தகத்தில் இருப்பதெல்லாம் பந்திக்கு வராது என்பது எல்லா நாட்டுக்கும் பொது.

கறுப்பு மயோனைஸ்

பட்டியலில் இடம் பிடிப்பது பெருமையா, அவமானமா? புரூக்ளினைக் கேட்கலாம். கவானஸ் கால்வாய் 1.8 மைல் நீளம். 1860களில் தோண்டியது. கரையில் நிலக்கரியிலிருந்து எரிவாயு எடுத்த ஆலைகள் தாரைக் கீழே விட்டன. நியூயார்க் மாநகராட்சி தன் சாக்கடையை மேலே விட்டது. அடியில் படிந்த கலவைக்கு ஊர்க்காரர்கள் வைத்த செல்லப்பெயர் கறுப்பு மயோனைஸ்.

2009இல் முகமை இதைப் பட்டியலில் சேர்க்கப் போகிறேன் என்றதும் பதறியவர் மேயர் மைக்கேல் புளூம்பெர்க். பெயர் கெட்டுவிடும், கட்டுமானக் கம்பெனிகள் ஓடிவிடும், நாங்களே சுத்தம் செய்துகொள்கிறோம் என்றார். நூற்றைம்பது வருடமாக நாறியபோது கெடாத பெயர், நாறுகிறது என்று எழுதினால் கெட்டுவிடுமாம். 2010 மார்ச்சில் முகமை சேர்த்தேவிட்டது. கழிவுக்குப் பொறுப்பானவர்கள் யார் யார் என்று எழுதியபோது, எரிவாயுக் கம்பெனியின் வாரிசுக்குப் பக்கத்திலேயே மாநகராட்சியின் பெயரும் இருந்தது. மேயரின் பதற்றத்துக்கு இதுவும் ஒரு காரணமா என்று கேட்பது அநாகரிகம்.

2013இல் 50 கோடி டாலர் ஆகும் என்றார்கள். இப்போது 150 கோடியைத் தாண்டும் என்கிறார்கள். 2020 நவம்பரில்தான் சேறு வாரத் தொடங்கினார்கள். மறு ஆண்டே மாநகராட்சி அந்தக் கரையில் அடுக்குமாடி கட்ட அனுமதி தந்தது. ஓடிவிடுவார்கள் என்று பயந்த கட்டுமானக்காரர்கள் ஓடித்தான் வந்தார்கள், கால்வாய் தெரியும் ஜன்னலோடு.

பில் இப்போது எங்கே?

இந்தக் கதையில் கெட்டிக்காரர்கள் என்று பட்டம் கொடுக்க வேண்டுமானால், எண்ணெய், ரசாயனக் கம்பெனிகளுக்காகக் காங்கிரஸ் வராந்தாக்களில் நடந்தவர்களுக்குக் கொடுக்கலாம். உண்டியலுக்கான வரி 1995 டிசம்பர் 31உடன் காலாவதி. அதை நீட்டிக்கச் சொல்லி ஜனாதிபதி கிளின்டன் கேட்டுக்கொண்டே இருந்தார், காங்கிரஸ் கேட்காமலே இருந்தது. எதிர்த்து வாக்களிக்கும் சிரமம்கூட இல்லை. சும்மா இருந்தால் போதும், வரி தானாகச் செத்துவிடும். பழைய இருப்பைச் சுரண்டிச் சுரண்டி, 2003 நிதியாண்டு முடியும்போது உண்டியல் காலி. மறுவருடம், 2004இல், அந்த உண்டியல் பிறக்கக் காரணமான லவ் கால்வாய் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. விஷத்தை அள்ளவில்லை, மூடி போட்டு, வேலி கட்டி, கசிவதைப் பிடித்துச் சுத்திகரித்துக்கொண்டிருக்கிறார்கள். வடக்கே தள்ளியிருந்த காலி வீடுகளைப் பழுதுபார்த்து, ‘பிளாக் கிரீக் வில்லேஜ்’ என்று புதுப் பெயர் வைத்து, சந்தை விலைக்குக் கீழே 1990லிருந்தே விற்றும் முடித்தார்கள். மலிவாக வந்தால் வாங்கிவிடுவது அந்த மண்ணின் குணம் போலும்.

ஆள் அகப்பட்ட இடங்களில் கம்பெனிகள் தொடர்ந்து செலவைக் கட்டின, அதை மறைக்கக் கூடாது. ஆனால் ஆள் அகப்படாத அனாதை நிலங்களின் பாரம் பொதுக் கஜானாவின் தலையில் விழுந்தது. அதாவது சம்பளக்காரரும் கடைக்காரரும் கட்டிய வரியில். உப்பைத் தின்றவர்கள் சுமார் பதினைந்து வருடம் தண்ணீர் குடித்தார்கள். அதற்கப்புறம் இருபத்தாறு வருடம் அவர்களுக்காக ஊர் குடித்தது.

2021 நவம்பரில் வந்த உள்கட்டமைப்புச் சட்டம் ரசாயன வரியைத் திரும்பக் கொண்டுவந்து, தேங்கிக் கிடந்த சூப்பர்ஃபண்ட் வேலைகளுக்கு 350 கோடி டாலரும், பிரௌன்ஃபீல்டுகளுக்கு 150 கோடி டாலரும் ஒதுக்கியது. மறு ஆண்டுச் சட்டம் ஒன்று, பீப்பாய்க்கு 16.4 சென்ட் வீதம் எண்ணெய் வரியையும் உயிர்ப்பித்தது. உப்பைத் தின்றவர்கள் மறுபடி குவளையைக் கையில் எடுத்திருக்கிறார்கள்.

கொண்டாடுவதற்கு முன் சட்டத்தின் பின்பக்கத்தையும் படித்துவிடுவது நல்லது. ஒரு டாலர் பத்திரத்தைப் படிக்காமல் பட்ட பாடு போதாதா? எண்ணெய் வரிக்கு இந்த முறை முடிவுத் தேதி வைக்கவில்லை. ரசாயன வரிக்கு வைத்திருக்கிறார்கள்: 2031 டிசம்பர் 31. டையாக்சினுக்கு அப்படியொரு தேதி கிடையாது. அன்றிரவு அந்த வரி உயிரோடிருக்க வேண்டுமென்றால் யாராவது எழுந்து கேட்க வேண்டும். சாக வேண்டுமென்றால் யாரும் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. 1995இல் ஜெயித்ததும் ஒன்றும் செய்யாதவர்கள்தான். கேட்கப் போகிறவர்கள் போகும்போது, ஒரு தட்டு ஓட்ஸ் பிஸ்கட்டும் கையோடு கொண்டுபோவது உத்தமம்.